அடித்தான், ஆனால் படவில்லை

(நாவுலயில் ஆங்கில ஆசிரியர்கள், உயர்தர மாணவர்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆங்கிலத்தில் அடிப்பதைக் குறிக்கும் சொற்களுக்கிடையே என்ன வேறுபாடு என்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைப் பார்த்துச் சிலர் சிரித்ததாகக் கேள்வி. சிரிக்கக்கூடிய தலைப்புத்தான். ஆனால் ஆங்கில - தமிழ் அகராதி ஒன்றைத் திறந்து பாருங்கள். ஹிட் என்ற சொல்லுக்கு நேரே 'அடி' என்றிருக்கும். பீட் என்றால் அதற்கும் 'அடி'. ஸ்ட்ரைக், ஸ்மாக், த்ராஷ் எல்லாவற்றுக்கும் சுற்றிச் சுற்றி அதே அடிதான். ஒரு காரியத்துக்கு இவ்வளவு சொல்லா என்று பிள்ளை தலையைச் சொறியும். பரீட்சைத் தாளில் கைக்கு வந்ததை எழுதிவிட்டு வரும்.

நாவுலயில் பிறந்த பிள்ளைக்குச் சிக்கல் இன்னும் ஒரு மடங்கு அதிகம். வீட்டில் தமிழ், பஸ்ஸிலும் கடையிலும் சிங்களம், தாளில் ஆங்கிலம். இங்கே ஆங்கிலம் படிப்பிக்கிற எவருக்கும் 'ஹீ ஹிட் டு மீ' என்ற வாக்கியம் பழக்கமாக இருக்கும். சிவப்புப் பேனையால் அந்த 'டு'வை வெட்டுகிறோம், புள்ளியைக் குறைக்கிறோம். அந்த 'டு' எங்கிருந்து வந்தது என்று பிள்ளைக்குச் சொல்வதில்லை. 'அவன் எனக்கு அடிச்சான்' என்பதுதான் இலங்கைத் தமிழ். மதுரைக்காரர் 'என்னை அடிச்சான்' என்பார். நாம் 'எனக்கு' என்போம். பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளையும் 'மட்ட கெஹுவா' என்றுதான் சொல்கிறது. அதுவும் 'எனக்கு'. இரண்டு மொழியும் சேர்ந்து பழக்கிவிட்ட வேற்றுமை உருபைத்தான் பிள்ளை ஆங்கிலத்தில் 'டு' என்று எழுதுகிறது. அது சோம்பலில் வந்த பிழை இல்லை. நம் இரு மொழிகளிலும் அடி கைமாறுகிற பொருள்: ஒருவர் கொடுக்கிறார், மற்றவர் வாங்குகிறார். ஆங்கிலத்தில் ஹிட் என்ற வினை ஆளை நேராகவே பிடித்துக்கொள்கிறது, நடுவில் உருபுக்கு இடமில்லை. இதைச் சொல்லிவிட்டு 'டு'வை வெட்டினால் அடுத்த முறை அது வராது.

ஹிட் என்ற சொல்லிலேயே தொடங்குவோம். இது ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை அல்ல. வைக்கிங்குகள் பேசிய பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது. அங்கே இதன் பொருள் எதிர்ப்படுதல், கண்டடைதல். இன்றைக்கும் அந்தக் குணம் அதைவிட்டுப் போகவில்லை. ஹிட் என்றால் பட்டிருக்க வேண்டும். கை ஓங்கியதோ வேகமோ அதற்கு முக்கியம் இல்லை. போய்ச் சேர்ந்ததா என்பதே கணக்கு.

நம் 'அடி' அப்படி இல்லை. 'மாங்காய்க்குக் கல்லால அடிச்சேன், படல' என்று எந்தச் சிறுவனும் சொல்வான். அதில் முரண்பாடு எதுவும் நமக்குத் தோன்றுவதில்லை. இதை அப்படியே ஹிட் போட்டு ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்: மாங்காயில் பட்டது, ஆனால் படவில்லை என்று ஆகிவிடும். ஆங்கிலேயன் அங்கே 'கல்லை எறிந்தேன்' என்பான், அல்லது வினைக்குப் பின்னால் 'அட்' என்ற சின்னச் சொல்லைச் செருகி, குறி வைத்ததோடு நிறுத்திக்கொள்வான். அதாவது ஹிட் என்ற ஒரே சொல் நம் 'அடி'யையும் 'படு'வையும் சேர்த்து விழுங்கியிருக்கிறது. கல் காலில் பட்டது, பந்து விக்கெட்டில் பட்டது, வெயில் முகத்தில் பட்டது என்று நாம் 'படு' போடுகிற இடங்களில் எல்லாம் அவர்கள் ஹிட் போடுகிறார்கள். செய்தது யார் என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. இந்த ஒன்றை மட்டும் இன்று வீட்டுக்குக் கொண்டுபோனாலும் போதும் என்பேன். ஆனால் எனக்குத் தந்த நேரம் இன்னும் இருக்கிறது.

மறுபக்கம், நாம் 'அடி' போடுகிற பல இடங்களில் ஹிட் வாயைத் திறப்பதே இல்லை. வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, வாசம் அடிக்கிறது, மணி அடிக்கிறது, பெயின்ட் அடிக்கிறோம், கண் அடிக்கிறார்கள். சிங்களத்தின் 'கஹனவா'வும் சளைத்ததல்ல. போட்டோவுக்கும் கஹனவா, சீலுக்கும் கஹனவா. இவற்றுக்கெல்லாம் ஆங்கிலம் வெவ்வேறு வினையை வைத்திருக்கிறது. எலஹெர வீதிப் பக்கம் போனால் இன்னொன்றும் கேட்கலாம்: 'அவருக்கு யானை அடிச்சிட்டுது.' இந்தப் பகுதியில் இதைக் கேட்டவர் அடுத்து 'எப்ப எடுக்கிறாங்க?' என்றுதான் விசாரிப்பார். அதாவது அடக்கம் எப்போது என்று. யானை அடித்தது என்றால் ஆள் போய்விட்டார் என்றுதான் பெரும்பாலும் பொருள். அதை ஹிட் போட்டு மொழிபெயர்த்தால் யானை தும்பிக்கையால் செல்லமாக ஒரு தட்டுத் தட்டியதுபோல இருக்கும். ஆங்கிலத்தில் மிதித்துக் கொன்றதா, தந்தத்தால் குத்தியதா, துரத்தித் தாக்கியதா என்று பிரித்துச் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது பீட். இதன் உயிர் திரும்பத் திரும்ப நிகழ்வதில் இருக்கிறது. ஒரே ஒரு அடி பீட் ஆகாது. இதயம் பீட் ஆகிறது, முட்டையை பீட் பண்ணுகிறார்கள், மேளத்தை பீட் பண்ணுகிறார்கள். ஒருவரைக் குறித்து இந்தச் சொல்லைப் போட்டால், பல அடி விழுந்தது, அவரால் திருப்பி எதுவும் செய்ய முடியவில்லை என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். அதிலிருந்துதான் வெற்றிக்கும் இந்தச் சொல் போனது. 1996 மார்ச் 17 அன்று லாகூரில் இலங்கை அவுஸ்திரேலியாவை ஏழு விக்கெட்டால் பீட் பண்ணியது. அதைச் சொல்லும்போது நாமும் 'அடிச்சிட்டம்' என்றுதான் துள்ளினோம்.

கிரிக்கெட்டில் இந்தச் சொல் ஒரு வேடிக்கை செய்யும். முரளிதரன் பந்து போடுகிறார். பந்து திரும்பி மட்டையின் விளிம்பை உரசாமல் போகிறது. ஆங்கில வர்ணனையாளர் 'பீட்டன்' என்கிறார். பந்து மட்டையில் படவே இல்லை. படாததற்குத்தான் அந்தப் பெயர். 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தவர் எத்தனை ஆயிரம் முறை இப்படி பீட் பண்ணியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. அதே பந்து காப்பில் பட்டால் 'ஸ்ட்ரக்'. மட்டை பட்டு எல்லையைத் தாண்டினால் 'ஹிட்'. மாத்தளையில் பிறந்த சங்கக்கார 2014இல் பங்களாதேஷுக்கு எதிராக 319 ஓட்டங்கள் எடுத்தபோது, இந்தச் சொற்கள் எல்லாவற்றையும் வர்ணனையாளர்கள் செலவழித்திருப்பார்கள். பிள்ளைகளே, ஆங்கில வர்ணனையைச் சத்தத்தோடு கேளுங்கள். அடிச் சொற்களுக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது.

மேளத்தைச் சொன்னேன். அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் அந்த இடத்தில் தமிழ் ஆங்கிலத்தைவிட நுணுக்கமாக இருக்கிறது. அந்த நுணுக்கம் நமக்குப் பெருமை தருவது அல்ல.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் மன்னாரில் இறங்கி, காடு வழியே தம்புள்ளை, நாலந்தை தாண்டி மாத்தளைக்கு நடந்தார்கள். ரயில் மாத்தளைக்கு வந்தது 1880இல்தான். அந்த வடக்கு வீதியில்தான் இந்த நாவுல இருக்கிறது. வந்தவர்கள் தப்பையும் கொண்டு வந்தார்கள். மரச்சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டிய, ஆழமில்லாத வாத்தியம். வாசிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தி அந்த அனலில் தோலைக் காட்டுவார்கள். தோல் இறுகும், விரலால் சுண்டிப் பார்ப்பார்கள், ஓசை ஏறியிருந்தால்தான் தோளில் மாட்டுவார்கள். ஒரு கையில் மெல்லிய நீளக் குச்சி, மற்றக் கையில் தடித்த குட்டைக் குச்சி. மெல்லியது படபடவென்று இழையும், தடித்தது நடுவில் விழுந்து அதிரும். தோட்டத்தில் விடியற்காலையில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எழுப்பியது இந்தத் தப்பு. சாவைச் சொன்னதும் அதுவே, காமன்கூத்துக்கு அழைத்ததும் அதுவே.

இப்போது வினைச்சொல்லைக் கவனியுங்கள். தப்பு 'அடிக்கிறார்'. உடுக்கு 'அடிக்கிறார்'. மிருதங்கம்? 'வாசிக்கிறார்'. மிருதங்க வித்துவான் ஒருவரிடம் போய் 'ஐயா, நல்லா அடிச்சீங்க' என்று சொல்லிப் பாருங்கள். தோல் தோல்தான், கை கைதான்; கோயில் மண்டபத்தில் இருப்பவருக்கு ஒரு வினை, பந்தலுக்கு வெளியே நிற்பவருக்கு ஒரு வினை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ப்ளே என்ற ஒரே சொல் போதுமாக இருக்கிறது. தப்பையும் வாசிக்கிறார் என்று எழுதலாம். நான் அப்படித்தான் எழுதி வருகிறேன். கேட்பவர் முகம் சுளித்தால் சுளித்துக்கொள்ளட்டும்.

ஸ்ட்ரைக் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது ஒரு தடவைதான் விழும், கனமாக விழும், கொஞ்சம் எழுத்து நடைக்குரியது. மின்னல், கடிகாரம், பாம்பு, தீக்குச்சி எல்லாவற்றுக்கும் இதுதான். வேலைநிறுத்தத்துக்கு இந்தப் பெயர் வந்தது 1768இல்; லண்டனில் மாலுமிகள் கூலிக்காகப் பாய்களை இறக்கி வைத்துக் கப்பல்களை நிறுத்தினார்கள். பாயை இறக்குவதற்கு அவர்கள் சொன்ன சொல் ஸ்ட்ரைக். முல்லோயாத் தோட்டத் தொழிலாளி கோவிந்தன் 1940 ஜனவரியில் பொலிஸ் குண்டுக்குப் பலியானதும் அப்படியொரு ஸ்ட்ரைக்கின் நடுவில்தான்.

கையால் செய்கிற அடிகளுக்கு வருவோம். உள்ளங்கை விரிந்தால் ஸ்லாப், முஷ்டி மடங்கினால் பன்ச், பிட்டத்தில் விழுந்தால் ஸ்பாங்க். நம்மிடமும் இருக்கிறது: அறை, குத்து, உதை, முட்டு, இடி. ஸ்பாங்க்குக்கு நம்மிடம் தனிச்சொல் இல்லை. அதற்குப் பதிலாகக் 'குட்டு' இருக்கிறது. விரல்களை மடக்கி, மொளியால் உச்சந்தலையில் விழுகிற அந்தச் சின்ன அடிக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் பெயர் கிடையாது. அவர்களுடைய 'ராப் ஒன் த நக்கிள்ஸ்' மொளியின் மேல் விழுகிற அடிமட்ட அடிக்கு. நம்முடையது மொளியால் விழுகிற அடிக்கு. பிள்ளையார் முன்னால் நாமே நம் நெற்றியில் குட்டிக்கொள்வதை ஒரு வெள்ளைக்காரருக்கு விளக்க நான்கு வாக்கியம் செலவாகும். மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்ற பழமொழிக்கு இன்னும் நான்கு.

த்ராஷ் என்பதும் வயலில் நெற்கதிரைப் பிரிக்கிற த்ரெஷ் என்பதும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லின் இரண்டு உச்சரிப்பு. சூடடிக்கிற நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இலக்கணத்தில் ஒரு செய்தி. சார்ல்ஸ் ஃபில்மோர் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1970இல் அடித்தலையும் உடைத்தலையும் வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். 'அவன் தடியால் கண்ணாடியை அடித்தான்', 'அவன் தடியால் கண்ணாடியை உடைத்தான்' இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருக்கின்றன. ஆனால் ஆங்கிலத்தில் உடைத்தவனை எடுத்துவிட்டு பிரேக் என்ற அதே வினையால் கண்ணாடி உடைந்தது என்று சொல்லலாம். ஹிட்டை வைத்துக்கொண்டு கண்ணாடி தானாக அடிபட்டது என்று சொல்ல முடியாது. பிரேக் பொருளுக்கு என்ன ஆனது என்று சொல்கிறது. ஹிட் தொட்டதை மட்டும் சொல்கிறது, பிறகு என்ன ஆனதோ அது அதன் பொறுப்பில்லை.

உடம்பில் அடி விழுந்த இடத்தைச் சொல்லும்போது இந்தப் பிரிவு தமிழில் வேற்றுமையிலேயே தெரிகிறது. 'தலையில் அடித்தான்', ஆனால் 'தலையை உடைத்தான்'. 'கன்னத்தில் அறைந்தான்', ஆனால் 'பல்லைக் கழற்றினான்'. தொட்டதற்கு 'இல்', மாற்றியதற்கு 'ஐ'. ஆங்கிலத்தில் முதலில் ஆளைச் சொல்லி, பிறகு 'ஒன் த ஹெட்' என்று இடத்தைச் சொல்வதும் இதே காரணத்தால்தான். மாணவர்கள் இங்கே 'இன்' போட்டுவிடுவார்கள். தலைக்குப் பெரும்பாலும் 'ஒன்'தான் வரும். முகம், வயிறு போன்றவை விதிவிலக்கு, அவற்றுக்கு 'இன்'. இதற்கு நியாயம் கேட்காதீர்கள், மனனம் செய்யுங்கள்.

ஆசிரியர்களுக்கென்று நான் வைத்திருந்த பகுதி இனித்தான் வருகிறது.

மொழி அடியைப் பிரிப்பது கையை வைத்தும் கருவியை வைத்தும் எத்தனை தடவை என்பதை வைத்தும். சட்டம் அப்படிப் பிரிப்பதில்லை. நம்முடைய தண்டனைச் சட்டக் கோவை 1883ஆம் ஆண்டினது. அதில் அறை, குத்து, குட்டு என்று பிரிவுகள் இல்லை. உடலுக்கு வலி ஏற்பட்டால் அது காயம். ஒரு கண்ணின் பார்வையோ ஒரு காதின் கேள்வியோ நிரந்தரமாகக் கெட்டால் அது கடுங்காயம். பிரம்பா, வெறுங்கையா என்பது அதற்குப் பிறகுதான். 342ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: கை படவே தேவையில்லை, அடிக்கப் போகிறான் என்று எதிரில் நிற்பவர் அஞ்சும்படி சைகை காட்டினாலே அது தாக்குதல். முஷ்டியை ஆட்டுவதைக் கோவையே உதாரணமாகத் தருகிறது. மாங்காய்க்கு அடித்துப் படாமல் போன சிறுவன் சட்டத்தின் கண்ணில் அடித்தவன்தான், எதிரே மாங்காய்க்குப் பதில் மனிதன் நின்றிருந்தால்.

இதை ஏன் ஆசிரியர்களிடம் சொல்கிறேன்? பாடசாலையில் பிள்ளையை அடிக்கக்கூடாது என்று கல்வி அமைச்சு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. அதற்கு முன்பே, நீதிமன்றம் கசையடி விதிக்கும் முறையை 2005இன் 23ஆம் இலக்கச் சட்டம் ஒழித்துவிட்டது. ஒரு குற்றவாளிக்கு அரசு கொடுக்கக்கூடாத அடியை ஒரு பிள்ளைக்கு நாம் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிரச்சினை வந்தால் ஆசிரியர் அறையில் கேட்கும் வினைச்சொற்களைக் கவனித்திருக்கிறீர்களா? 'சும்மா ஒரு தட்டுத் தட்டினேன்.' 'இலேசா ஒன்னு போட்டேன்.' 'கண்டிச்சேன்.' எவரும் 'அறைந்தேன்' என்பதில்லை. பிள்ளை வீட்டில் போய்ச் சொல்வதோ 'சேர் அறைஞ்சிட்டார்.' நிகழ்ச்சி ஒன்று, வினை இரண்டு.

2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். தெற்கில் ஒரு பாடசாலை. ஆசிரியர் ஒரு மாணவனைக் காதோரம் அறைந்தார். பிள்ளையின் செவிப்புலன் பாதிக்கப்பட்டது. அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை, கொடூரமான, இழிவான நடத்தையிலிருந்து எவருக்கும் பாதுகாப்புத் தருவது. அந்த உரிமை மீறப்பட்டது என்று நீதியரசர் துரைராஜா தீர்ப்பெழுதினார். ஆசிரியர் ஒன்றரை இலட்சம் ரூபாவும், அரசு ஐந்து இலட்சம் ரூபாவும் அந்த மாணவனுக்குக் கொடுக்க வேண்டும் என்றானது. ஆங்கில அகராதி ஸ்லாப் என்ற சொல்லை வேகமான, உள்ளங்கையால் விழுகிற அடி என்று விளக்கிவிட்டுப் போய்விடும். அகராதியில் காது இல்லை. தட்டினேன் என்று சொல்லிக்கொள்ளும் ஆசிரியருக்கும் காது நினைவுக்கு வருவதில்லை.

பத்திரிகைக்காரர்கள் எதிர்ப்பக்கத்தில் தவறுகிறார்கள். அவர்களுக்கு எல்லாமே 'தாக்குதல்'. அறையும் தாக்குதல், இரும்புக் கம்பியும் தாக்குதல். சிங்களத்தில் பொலிஸ் எழுதும் 'பஹர தீம'வும் அப்படித்தான்: கன்னத்தில் ஒன்று விழுந்ததும் அதில் அடக்கம், மண்டை பிளந்ததும் அதில் அடக்கம். பஸ் விபத்து என்றால் 'மோதிக்கொண்டன'. ஏ9 வீதியில் நின்றுகொண்டிருந்த மோட்டார் சைக்கிளை பஸ் வந்து அடித்திருக்கும். செய்தியில் இரண்டும் சம்மதத்தோடு மோதிக்கொண்டதுபோல இருக்கும். நின்றதும் வந்ததும் ஒன்றல்ல என்று எழுத ஹிட் இருக்கிறது, நமக்கு 'இடித்தது' இருக்கிறது. எழுதுவதற்குத்தான் மனமில்லை.

இந்த மாத்தளை மாவட்டத்தில் தமிழ் பேசுகிறவர் பொலிஸ் நிலையத்தில் சொல்லும் முறைப்பாடு பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்படுகிறது. அங்கிருந்து நீதிமன்றத்துக்குப் போய், வழக்கு மேலே ஏறினால் ஆங்கிலமாகிறது. 'கன்னத்தில் அறைஞ்சான்' என்று சொன்னது 'பஹர தீம'வாகி, பிறகு அஸால்ட் ஆகி வந்து சேரும்போது, கை விரிந்திருந்ததா மடங்கியிருந்ததா, ஒரு தடவையா பத்துத் தடவையா என்பது எங்கோ கீழே விழுந்திருக்கும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதைத்தான் பொறுக்கியெடுத்துக் கேட்பார்: பொலிஸில் அறைந்தார் என்று நீங்கள் சொல்லவில்லையே? சொன்னீர்கள். எழுதப்படவில்லை.

1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அடுத்த ஆண்டு வந்த 16ஆவது திருத்தம் அரச அலுவலகங்களோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையைத் தந்தது. ஆகவே முன்வரிசைப் பிள்ளைகளே, உங்கள் அம்மாவோ அப்பாவோ முறைப்பாடு கொடுக்கப் போனால் கூடப் போங்கள். மூன்று மொழியும் தெரிந்தவர்கள் அந்த வீட்டில் பெரும்பாலும் நீங்கள்தான். தமிழில் எழுதித் தரும்படி கேளுங்கள். சிங்களத்தில்தான் எழுதுவோம் என்றால், எழுதி முடித்ததை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கை, கருவி, உடம்பில் எந்த இடம், எத்தனை தடவை ஆகிய நான்கும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடட்டும்.